பார்க்கக் காசில்லை, படத்துக்குக் காசு

திருவண்ணாமலையில் செங்கம் சாலையைப் பிடித்து ரமணாசிரமத்தை நெருங்க நெருங்க முகங்கள் கூடிக்கொண்டே போகின்றன. தெருவில் நடமாடும் முகங்களைச் சொல்லவில்லை. அவையும் ஏராளம்தான். இவை கடைகளில் தொங்கும் முகங்கள். ருத்ராட்ச மாலைக்கும் ஊதுபத்திக் கட்டுக்கும் நடுவிலிருந்து கோவணம் கட்டிய முதியவர் ஒருவர் சிரித்தும் சிரிக்காமலும் பார்க்கிறார். பக்கத்தில் தாடி, தலைப்பாகை, கையில் பனையோலை விசிறியோடு யோகி ராம்சுரத்குமார். ஊர்க்காரர்களுக்கு விசிறிச் சாமியார். இன்னும் சற்றுத் தள்ளி சேஷாத்ரி சுவாமிகள். சாவிக்கொத்தில் ஆடும் அளவு, சட்டைப் பைக்கு அடங்கும் அளவு, பூஜையறைக்கு ஓர் அளவு, கூடத்துச் சுவருக்கு ஓர் அளவு. லேமினேஷன் போட்டது, கண்ணாடி போட்டது, மரச்சட்டம் அடித்தது என்று வகைகள் வேறு.

சாமி படம் விற்காத கோயில் ஊர் தமிழ்நாட்டில் கிடையாது. முருகனும் மீனாட்சியும் எல்லாக் கடைவீதிகளிலும் உண்டு. ஆனால் அவை ஓவியர் கற்பனையில் பிறந்தவை. இந்தச் சாலையில் அதிகம் கண்ணில் படுபவை போட்டோக்கள். ஒருவர் உட்கார்ந்திருந்தார், எதிரே இன்னொருவர் கேமராவை நிறுத்தினார், பிலிமைக் கழுவினார், காகிதத்தில் அச்சிட்டார். எழுபது, எண்பது ஆண்டுகள் கழித்தும் அந்தக் காகிதத்தை யாரோ ஒருவர் நேரில் வந்து, கையில் எடுத்துப் பார்த்து, பேரம் பேசி வாங்கிப் போகிறார். உருவப்படம் எடுத்து அச்சிட்டு விற்றுப் பிழைக்க முடியுமா என்று தலையைச் சொறிந்துகொண்டிருக்கும் போட்டோகிராபர்கள் ஒருமுறை வந்து நின்று பார்க்க வேண்டிய சாலை இது.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குத் திண்டிவனம், செஞ்சி வழிதான் வழக்கம். செஞ்சியில் இரண்டு பக்கமும் பாறைக் குன்றுகளும் கோட்டை மதிலும் வரும்போது கேமராப் பைகள் திறக்கின்றன. மூடுவதற்குள் பேருந்து தாண்டிவிடுகிறது. பிறகு சமவெளி. அதற்கப்புறம் அண்ணாமலை தனியாக எழுந்து நிற்கிறது, எண்ணூறு மீட்டருக்குச் சற்று மேல். ஊருக்குள் இறங்கியதும் 217 அடி கிழக்கு ராஜகோபுரம். அங்கிருந்து ஆசிரமம் தென்மேற்கே சுமார் இரண்டு கிலோமீட்டர். ஆட்டோ பேசலாம். கிரிவலப் பாதையிலேயே நடந்தால் அக்னி லிங்கம், சேஷாத்ரி ஆசிரமம் என்று பார்த்துக்கொண்டே போகலாம்.

நடந்து போகிறவர்கள் வழியில் அய்யங்குளத்தையும் பார்த்துவிடுவது நல்லது. 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி மதுரையிலிருந்து வந்து சேர்ந்த பதினாறு வயது வேங்கடராமன், பின்னாளைய ரமணர், கையில் மிச்சமிருந்த மூன்று ரூபாய்ச் சொச்சத்தை இந்தக் குளத்தில்தான் எறிந்தார். அதுவும் காதுக் கடுக்கனை வழியில் அடகு வைத்துப் பெற்ற பணத்தின் மிச்சம். அதற்குப் பிறகு ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் இதே ஊரில் வாழ்ந்தவர் காசைத் தொடவில்லை. அவர் முகம் பதித்த காகிதம்தான் இன்று இந்தச் சாலையின் நிரந்தரச் சரக்கு. இதைக் கிண்டலாகச் சொல்கிறவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுத்தால், இதில் கிண்டல் செய்வதைவிடச் சுவாரசியமான விஷயம் இருக்கிறது.

அந்த விஷயம் மலைமேல் விரூபாக்ஷ குகையில் நடந்தது. 1899 முதல் 1916 வரை ரமணர் பெரும்பாலும் அங்கேதான் இருந்தார். கார்த்திகை தீபத்தின்போது கூட்டம் ஏறியது. குகைக்கு உரிமை கொண்டாடிய மடத்துக்காரர்கள் பார்க்க வருகிறவர்களிடம் தலைக்கு இவ்வளவு என்று சில்லறை வசூலிக்கத் தொடங்கினார்கள். ரமணர் சண்டை போடவில்லை. எழுந்து வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். வசூல்காரர்கள் மரத்தடியும் உள்ளே வருகிற மாதிரி எல்லையை நகர்த்தினார்கள். அவர் அந்த இடத்தையும் விட்டுக் கீழே வேறொரு குகைக்குப் போய்விட்டார். ஆள் இல்லாத குகைக்கு யார் காசு கொடுப்பார்கள்? மடத்துக்காரர்கள் தேடி வந்து, கட்டணத்தை நிறுத்துகிறோம், திரும்பி வாருங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள்.

பார்ப்பதற்குக் கட்டணம் கூடாது என்பதில் அவ்வளவு பிடிவாதம். அவருடைய படத்தை அச்சிட்டு விலை போட்டு விற்பதோ ஆசிரமத்துப் புத்தக நிலையத்தில் இன்றுவரை நடக்கிறது. இரண்டுக்கும் முரண்பாடு இல்லை. காட்சி யாருக்கும் சொந்தமில்லை. காகிதத்துக்கும் ரசாயனத்துக்கும் உழைப்புக்கும் செலவு உண்டு. போட்டோகிராபர் தொழிலின் அடிப்படைக் கணக்கும் இதுதான், நம் ஊரில் பலரும் அதைத் தலைகீழாகப் போட்டு நஷ்டப்படுகிறார்கள் என்றாலும்.

*

ஆசிரம வாசலில் பழைய இலுப்பை மரம். உள்ளே மயில்கள், குரங்குகள், பல நாட்டுச் செருப்புகள். 1922-இல் தாயார் அழகம்மாளின் சமாதியையொட்டிக் கூரைக் கொட்டகையாகத் தொடங்கிய இடம் இது. இப்போது சமாதி மண்டபம், மாத்ருபூதேசுவரர் சந்நிதி, தியானம் செய்கிறவர்கள் மூச்சுக்கூடக் கேட்காமல் அமர்ந்திருக்கும் பழைய ஹால். அந்த ஹாலில் ரமணர் சாய்ந்திருந்த சோபா இருக்கிறது. அதன்மேல் அவருடைய பெரிய உருவப்படம். சோபாவுக்கு முன் உட்காருகிறவர்கள் படத்தின் முன் உட்கார்ந்ததாக நினைப்பதில்லை என்பது அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

இங்கே அதிகம் விற்கும் படம் எது என்று கேட்கவே வேண்டாம். மார்பளவு, நரைத்த குறுமுடி, நேரே பார்க்கும் கண்கள், உதட்டோரம் தொடங்கி முடிக்காமல் விட்ட சிரிப்பு. ஆசிரமத்தார் இதை 'வெல்லிங் படம்' என்றே குறிப்பிடுகிறார்கள். பெங்களூருவைச் சேர்ந்த தொழில்முறை போட்டோகிராபர் ஜி. ஜி. வெல்லிங் 1946-இல் எடுத்தது. ரமணர் திருவண்ணாமலைக்கு வந்ததன் பொன்விழா கொண்டாடிய ஆண்டும் அதுவே. படம் எடுத்தவரின் பெயரே படத்தின் பெயராக நிலைத்துவிட்டது. இந்தப் பெருமை இந்தியாவில் எத்தனை போட்டோகிராபர்களுக்குக் கிடைத்திருக்கிறது? காந்தி படங்களை எல்லோருக்கும் தெரியும். எடுத்தவர் பெயரைச் சொல்லச் சொன்னால் விழிப்போம்.

வெல்லிங்குக்கு முன்னும் பின்னும் கேமராக்காரர்கள் இங்கே வந்தபடியே இருந்தார்கள். கிடைத்திருப்பவற்றில் மிகப் பழைய படத்தில் ரமணருக்கு இருபதை ஒட்டிய வயது. சென்னை மருத்துவர் டி. என். கிருஷ்ணசாமி தொழில்முறை போட்டோகிராபர் இல்லை, பக்தர். வரும்போதெல்லாம் கேமராவும் கூட வந்தது. நாம் இன்று பார்க்கும் ரமணர் படங்களில் பெரும்பங்கு அவர் எடுத்தவை. மலையில் நடப்பது, கைத்தடியோடு நிற்பது, உட்கார்ந்து ஏதோ படிப்பது என்று அன்றாடத்தை அறிந்தவர் மட்டுமே எடுக்கக்கூடிய படங்கள் பழைய தொகுப்புகளில் நிறைய உண்டு. 1949-இல் அமெரிக்க 'லைஃப்' பத்திரிகைக்காக எலியட் எலிசோபோன் வந்தார். அந்த ஆண்டு மே 30 இதழில் படங்களோடு கட்டுரை வெளியானது.

1950 ஏப்ரலில் பிரெஞ்சுக்காரர் ஆன்றி கார்த்தியே ப்ரெஸ்ஸோன் வந்தார். மேக்னம் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், உலகமே கைகட்டிப் பார்த்த கேமராக்காரர். ரமணரின் கடைசி நாட்களை எடுத்தார். ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு ரமணர் மறைந்தார். அந்த வேளையில் வானத்தில் ஒரு ஒளி மலையை நோக்கி மெதுவாக நகர்ந்ததைப் பார்த்ததாகவும், உடனே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டதாகவும் அவர் ஆசிரமவாசிகளிடம் சொன்னார். பலர் அதைப் பார்த்ததாகப் பதிவுகள் இருக்கின்றன. படம் ஒன்றுகூட இல்லை.

எலிசோபோனும் கார்த்தியே ப்ரெஸ்ஸோனும் எடுத்தவை பெரும் படங்கள். பத்திரிகைக்குப் போயின, பிறகு கண்காட்சிக்கும் புத்தகத்துக்கும் போயின. பூஜையறைக்குப் போனது வெல்லிங் படம். கலையில் எது உயர்ந்தது என்ற வாதத்தில் இறங்க வேண்டியதில்லை. பத்திரிகைப் படம் சம்பவத்தைச் சொல்கிறது. சுவரில் மாட்டும் படத்தோடு ஒருவர் முப்பது வருடம் குடித்தனம் நடத்த வேண்டும். தினமும் காலையில் எழுந்து பார்த்தாலும் சலிக்கக் கூடாது. ஸ்டூடியோக்காரர்களுக்கு இது தெரியும். வெல்லிங் ஸ்டூடியோக்காரர்.

*

ஆசிரமத்தில் சில காலம் சாமியார் போல வாழ்ந்த இன்னொருவரையும் இந்தக் கதையில் சேர்க்க வேண்டும்: ஓவியர் சி. கொண்டையராஜு. சென்னை ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டுத் திருவண்ணாமலைக்கு வந்தவர். பிறகு நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதினார். கடைசியில் கோவில்பட்டியில் தங்கினார். சிவகாசி அச்சகங்களில் லட்சக்கணக்கில் அச்சாகித் தமிழ் வீடுகளின் சுவர்களை நிறைத்த காலண்டர் சாமி படங்களின் பிதாமகர் அவர்தான். அவரும் அவருடைய சீடர்களும் கோவில்பட்டியில் போட்டோ ஸ்டூடியோவும் நடத்தினார்கள் என்பது பலருக்குத் தெரியாது. ஸ்டூடியோவுக்குப் பின்திரை எழுதுவது, கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் ஏற்றுவது, நெகட்டிவில் பென்சிலால் 'டச்சிங்' செய்து முகப்பருவை மறைப்பது எல்லாம் ஓவியர் வேலையாகவே இருந்தன. லட்சுமிக்கு வண்ணம் தீட்டிய கையே பக்கத்துத் தெரு மிராசுதாரரின் கன்னத்துக்கும் சிவப்பு ஏற்றியது.

தமிழ்நாட்டில் உருவப்படம் விற்ற கதை பெரும்பாலும் இந்த ஸ்டூடியோக்களின் கதை. வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஊர் அழகியின் படம், உள்ளே சீப்பும் பவுடர் டப்பாவும், பின்திரையில் மாளிகைப் படிக்கட்டு, பக்கத்தில் டயல் போன். 'கொஞ்சம் தாடையைத் தூக்குங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க' என்ற குரல். நாலு நாள் கழித்து வரச் சொல்லி ரசீது. ரசீதில் நெகட்டிவ் எண். படம் எடுக்கும் கூலியில் ஸ்டூடியோ பெரிதாகப் பிழைக்கவில்லை. பெண் பார்க்க அனுப்ப மூன்று காப்பி, அக்கா வீட்டுக்கு ஒரு கேபினட் சைஸ், பத்து வருடம் கழித்து அப்பா காலமானதும் பெரிசாக ஓர் என்லார்ஜ்மென்ட். பிழைப்பு அதில்தான் இருந்தது. எண்ணைச் சொன்னால் பெட்டியைத் துழாவி நெகட்டிவை எடுப்பார்கள்.

இதில் ஒரு சட்ட வேடிக்கை உண்டு. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி, காசு கொடுத்துத் தன் கோரிக்கையின் பேரில் எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பதிப்புரிமை எடுக்கச் சொன்னவருக்கே. ஸ்டூடியோக்காரரிடம் இருந்தது உரிமை இல்லை, நெகட்டிவ் என்ற பொருள்தான். அதை வைத்தே மூன்று தலைமுறை கடை நடத்தினார்கள். டிஜிட்டல் வந்து அந்தப் பொருள் மறைந்தது. 'எல்லாத்தையும் பென் டிரைவ்ல போட்டுக் குடுத்துடுங்க' என்று வாடிக்கையாளர் கேட்ட நாளோடு காப்பி வருமானம் போயிற்று.

காகிதமும் போயிற்று. ஊட்டியில் 1960-இல் தொடங்கிய அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் பிலிமும் அச்சுக் காகிதமும் தயாரித்தது. தமிழ்நாட்டுச் சிறு ஊர் ஸ்டூடியோக்களின் இருட்டறைகளில் அந்தப் பெட்டி இல்லாமல் இருக்காது. ஆலை நலிந்து, பிறகு மூடப்பட்டது. பழைய ஸ்டூடியோக்கள் கைமாறியபோது நெகட்டிவ்கள் மூட்டையாகக் குப்பைக்குப் போயின. மிஞ்சியதைக் காப்பாற்றப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியோடு ஊர் ஊராகப் போய், 1880 முதல் 1980 வரையிலான தமிழக ஸ்டூடியோ படங்களைத் தேடி டிஜிட்டல் வடிவில் சேர்த்தார்கள். இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, நெற்றியில் விபூதி இட்டு, மாலை போட்டுக் குடும்பத்தோடு எடுக்கும் படங்கள் நம் ஸ்டூடியோ வழக்கத்தில் ஒரு தனி வகை. உயிரோடு இருந்தபோது படமே எடுத்திராத பாட்டிக்கு அதுவே முதலும் கடைசியுமான போட்டோ.

அந்தப் பழக்கம் மாறிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. இன்றைக்கும் நம் வீடுகளில் பெரிய உருவப்படம் கேட்கப்படும் நேரம் சாவு நேரம். விடியற்காலையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கும் பிளக்ஸுக்கும் படம் வேண்டும். ஒரு போனில் ஆயிரம் படங்கள் இருக்கும். பெரிசாக்கத் தகுந்தது ஒன்று இருக்காது. கல்யாண வீட்டில் பாதி மறைந்து நிற்கும் முகத்தை வெட்டி, பின்னணியை நீலமாக்கி, கழுத்துக்குக் கீழே வேறொருவருடைய சட்டையை ஒட்டிக் கொடுக்கிறார்கள். காலமெல்லாம் சுவரில் மாலையோடு தொங்கப்போகும் முகம் இந்த அவசரத்தில் தீர்மானமாகிறது. உருவப்படம் விற்கிற போட்டோகிராபர் வாடிக்கையாளரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாத விளம்பர வாசகம் இதுதான்.

*

ஆசிரமத்தில் காலை பதினொன்றரை மணிக்குச் சாப்பாடு. தரையில் உட்கார்ந்து இலையில் சாப்பிட வேண்டும். முடித்துவிட்டுப் பின்வாசல் வழியாக ஸ்கந்தாசிரமப் பாதையில் ஏறுகிறவர்கள் பாதி தூரத்தில் மூச்சு வாங்கி நிற்பார்கள். சற்று மேலே ஒரு பாறை விளிம்பிலிருந்து பார்த்தால் கீழே கோயில் முழுவதும் ஒன்பது கோபுரங்களோடு தெரியும். திருவண்ணாமலையில் மிக அதிகம் எடுக்கப்படும் காட்சி அதுவாகத்தான் இருக்கும். எல்லோரும் ஒரே இடத்தில் நின்று ஒரே படத்தை எடுக்கிறார்கள். அதனாலேயே அதை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. தன் போனிலேயே இருக்கும் காட்சியை ஒருவர் ஏன் வாங்க வேண்டும்?

முகம் அப்படியல்ல. தன் முகத்தைத் தானே நன்றாக எடுக்க யாராலும் முடிவதில்லை, கையில் எத்தனை லட்ச ரூபாய் போன் இருந்தாலும். செல்ஃபியில் மூக்குப் பெரிதாகிறது, தோள் கோணுகிறது, கூட வந்த அம்மா ஓரத்தில் வெட்டுப்படுகிறார். போட்டோகிராபருக்கு மிச்சமிருக்கும் இடம் இதுதான். மும்பை கேட்வே ஆஃப் இந்தியாவில் கழுத்தில் கேமராவும் தோள்பையில் சின்ன அச்சு இயந்திரமுமாக நிற்பவர்கள் அந்த இடத்தைக் கண்டுபிடித்தவர்கள். ஆளுக்கு ஆள் போன் வந்து இத்தனை வருடமாகியும் அங்கே அந்தத் தொழில் இன்னும் ஓடுகிறது.

அந்தச் சின்ன இயந்திரங்களில் ஒரு வகை வேலை செய்யும் விதமே பாதி வியாபாரம். வெள்ளைத் தாள் ஒன்று உள்ளே போய் மஞ்சளாக வெளியே எட்டிப் பார்க்கும். திரும்ப உள்ளே போய்ச் சிவப்பும் சேர்ந்து வரும். மூன்றாம் முறை நீலம் ஏறியதும் முகம் பளிச்சென்று எழும். நான்காம் முறை மேலே பாதுகாப்புப் பூச்சு. ஒரு நிமிடம்தான் ஆகும். அந்த ஒரு நிமிடமும் குடும்பமே குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும். பின்னால் போகிறவர்களும் நிற்பார்கள். போஸ்ட் கார்டு அளவுத் தாளின் அடக்கவிலை ஒரு டீ, இரண்டு வடைக்குள் முடிந்துவிடும்.

இந்த வித்தையைக் கிரிவலப் பாதைக்குக் கொண்டுவந்தால் என்ன என்று பௌர்ணமி இரவில் நடக்கிற எந்தப் போட்டோகிராபருக்கும் தோன்றும். பதினான்கு கிலோமீட்டர் பாதை, லட்சக்கணக்கில் மக்கள், எல்லோரும் குடும்பத்தோடு. கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாதென்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தமிழகக் கோயில்கள் அனைத்துக்கும் உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே வந்து போனதற்கு அடையாளமாக ஒரு படம் வேண்டுமென்றால் வெளியில்தான் எடுத்தாக வேண்டும். நினைத்ததும் கடை விரித்துவிட முடியாது. 2014-ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டப்படி விற்பனைச் சான்று வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், நடக்கிறவர் நிற்க மாட்டார். வேண்டுதலோடு வெறுங்காலில் நடப்பவரை மறித்து 'சாமி, ஒரு போட்டோ' என்றால் முறைப்பு கிடைக்கும். நடந்து முடித்து, காலை நீட்டி உட்கார்ந்து, மோர் குடிக்கும் இடத்தில் கேட்டால் சிரிப்பு கிடைக்கும். இடம் பார்த்துக் கேட்பது பாதி விற்பனை.

மறுபாதி, காட்டுவது. மாதிரிக்கு எந்த அளவைக் காட்டுகிறோமோ அந்த அளவுதான் விற்கும். மேசையில் போஸ்ட் கார்டு சைஸை அடுக்கிவைத்துவிட்டு யாரும் பெரிய படம் கேட்பதில்லையே என்று வருத்தப்படும் ஸ்டூடியோக்கள் ஊருக்கு நாலு இருக்கின்றன. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உருவப்படக்காரர்கள் எடுத்த படங்களை இணையத்தில் ஏற்றி அனுப்பிவிடாமல், குடும்பத்தை நேரில் வரவழைத்துச் சுவரில் நிஜ அளவில் காட்டித்தான் நல்ல விலைக்கு விற்கிறார்கள். 1932-இல் தொடங்கிய அமெரிக்க நிறுவனமான ஓலன் மில்ஸ் வீடு வீடாகக் கூப்பன் விற்று, பிறகு எடுத்த படங்களை எதிரே பரப்பிவைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லிப் பல பத்தாண்டுகள் வளர்ந்தது. அதற்கும் முன்னோடி பாரிஸில் திஸ்தேரி. 1854-இல் ஒரே தகட்டில் எட்டுப் படங்கள் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கி, விசிட்டிங் கார்டு அளவில் மலிவாக விற்றார். 1860-இல் லண்டனில் மேயால் எடுத்த விக்டோரியா ராணி குடும்பத்துப் படங்கள் அந்த அளவில் வெளியானபோது ஜனங்கள் வாங்கிக் குவித்து ஆல்பத்தில் செருகினார்கள். செங்கம் சாலைக் கடைகளில் சட்டைப் பை அளவில் தொங்கும் ரமணருக்கு அந்தக் கார்டுதான் பாட்டனார்.

நம் ஊருக்குப் பொருந்தும் முறை இன்னும் எளிது. முதலில் பேச்சு: எந்தச் சுவர், யார் பார்க்கப்போகிறார்கள், தாத்தா படம் பக்கத்தில் இருக்கிறதா. பிறகு படம். மறுநாளே நாலைந்தை மட்டும் அச்சிட்டுக் கையில் கொடுப்பது. நாற்பதைக் காட்டினால் குழம்பி, யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்துவிடுவார்கள். கையில் கொடுத்த பிறகு போட்டோகிராபர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மருமகள் மாமியாரிடம் காட்டுவாள், மாமியார் கண்ணாடியைத் தேடுவார், அந்த இடைவெளியில் புகுந்து லென்ஸ் பெருமை பேசினால் வியாபாரம் கெடும். படக் கோப்பை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பவே கூடாது. அனுப்பியாயிற்றென்றால் அந்தப் படம் ஸ்டேட்டஸில் ஒரு நாள் வாழ்ந்து முடிந்துவிடும். அச்சு வாங்கியவருக்குக் கோப்பு இலவசம் என்று வைத்தால் யாரும் சண்டைக்கு வருவதில்லை.

அச்சு நன்றாக இருக்க வேண்டும் என்பது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயமா? வேண்டும் போலிருக்கிறது. கண்ணாடியில் ஒட்டிப்போய்ப் பூஞ்சை பிடித்த படங்கள் வீட்டுக்கு வீடு உண்டு. படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டை விளிம்பு வைத்து இடைவெளி விட்டால் ஒட்டாது. நம் வீடுகளில் படத்துக்குக் குங்குமம் வைப்பார்கள், ஈரத்துணியால் துடைப்பார்கள், ஊதுபத்திப் புகை காட்டுவார்கள். தாளையும் சட்டத்தையும் இதற்குத் தகுந்தாற்போல் தேர்வது விற்கிறவர் பொறுப்பு.

*

ஆசிரமத்துக்கு வெளியே சாலையோரம் காவி கட்டியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் வெளிநாட்டவர் கூட்டம் வரும்போது நீளமான லென்ஸ்கள் இவர்கள் பக்கம் திரும்புகின்றன. சடை, விபூதி, சுருக்கம், கூர்மையான கண். உலகத்துப் பயணப் பத்திரிகைகளுக்குப் பிடித்த முகங்கள். சிலர் பத்து ரூபாய் கேட்கிறார்கள். கேட்டதும் லென்ஸ்காரர்களுக்குக் கோபம் வருகிறது, சாமியாருக்குக் காசு எதற்கென்று. விரூபாக்ஷ குகைக் கதை தெரிந்தவர்கள் பார்ப்பதற்குக் காசு கூடாதுதானே என்று ரமணரைத் துணைக்கு அழைக்கவும் கூடும். அந்த நியாயம் இங்கே செல்லாது. ரமணர் மறுத்தது தன் முகத்தை வைத்து மற்றவர்கள் வசூலிப்பதை. சாலையோரத்தில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தை எடுத்துப்போய்ப் போட்டியில் பரிசும் கண்காட்சியில் விலையும் வாங்குகிறவர்தான் இங்கே மடத்துக்காரரின் இடத்தில் நிற்கிறார்.

காசு கொடுப்பதா கூடாதா என்ற சர்ச்சையில் யாருக்கும் தோன்றாத வழி, படத்தின் ஒரு பிரதியை அவரிடமே கொடுப்பது. சுவரே இல்லாதவருக்குப் படம் எதற்கு என்று கேட்கலாம். துணிப்பை இருக்கிறதே. விற்க வந்தவருக்கும் இதில் லாபம் உண்டு. பக்கத்தில் டீக்கடை வைத்திருப்பவர், பூ விற்கும் அம்மா, ஆட்டோக்காரர் எல்லோரும் அந்தப் பிரதியை வாங்கிப் பார்ப்பார்கள். 'என் பேத்தியை ஒண்ணு எடுத்துக் குடுப்பியாப்பா, எவ்வளவு?' என்ற கேள்வி அங்கேதான் பிறக்கும். அந்தக் கேள்விக்குத் தயங்காமல் விலை சொல்ல வேண்டும். தெரிந்தவர்தானே என்று சும்மா கொடுத்தால் அடுத்தவரிடம் வாங்க முடியாது. எடுக்கும் கூலி குறைவாக இருக்கட்டும். அளவுக்கு ஏற்ற விலையை அட்டையில் எழுதிக் கண்ணில் படும்படி மாட்டிவிடுங்கள்.

போட்டோகிராபர் அல்லாத வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போவதாக இருந்தால், போன தடவை எடுத்த படங்களில் அம்மா, அப்பா முகம் தெளிவாக விழுந்த ஒன்றைத் தேர்ந்து, ஊரில் மிச்சமிருக்கும் ஸ்டூடியோவுக்கு நேரில் போய் எட்டுக்குப் பன்னிரண்டு அளவில் பிரிண்ட் போடச் சொல்லுங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால், அவர்களை அந்த ஸ்டூடியோவுக்கே கூட்டிக்கொண்டு போய் உட்காரவையுங்கள். காப்பி இரண்டாகப் போட்டுக்கொள்வது நல்லது. அக்கா வீட்டில் கட்டாயம் கேட்பார்கள்.